வருவதை அனுப்பிவிடும் தசை

குன்னூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு பெட்ஃபோர்டு வரை நடந்தே ஏறுகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். கையிலுள்ள பை திடீரென்று கனக்கும். பேச்சு தானாக நின்றுபோகும். காதுக்குள் இதயம் அடிப்பது கேட்கும். ஊர்க்காரர்கள் அங்கே நின்று, எதிரே உள்ள மலையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நானும் அந்தப் பாவனையில் தேர்ந்தவன்.

திருப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு அது கைவரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கியதும் கேட்டார்: "ஏறுவது கால்தானே கண்ணு, அது நெஞ்சுக்கு எப்படித் தெரிகிறது?"

நரம்பு சொல்கிறது, அட்ரினலின் சொல்கிறது என்றேன். பொய்யில்லை. ஆனால் அது பாதி விடைதான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகு உறுத்தியது. நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்ட இதயமும், உடலைவிட்டே எடுத்து ஆய்வுமேசைமேல் வைத்த இதயமும்கூட, தனக்குள் அதிக ரத்தம் வந்தால் அதிகமாக வெளியே தள்ளுகின்றன. வந்து சேரும் ரத்தமே செய்தி. அது தசையை நீட்டுகிறது. நீண்ட தசை அடுத்த முறை இன்னும் பலமாகச் சுருங்குகிறது. ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று மருத்துவப் பாடம் அழைப்பது இதைத்தான்.

ஓட்டோ ஃபிராங்க் ஜெர்மானியர். 1895இல் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, ரத்தம் வெளியேற வழியில்லாமல் அடைத்து, உள்ளே நிரப்பும் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு படியிலும் சுருக்கத்தில் எழும் அழுத்தம் கூடியது. ஓர் எல்லைக்குப் பிறகு குறைந்தது. லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் எடுத்துக்கொண்டது நாயின் இதயம். இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் ஓட்டத்தில் வைத்துக்கொண்டு, ரத்தம் வந்து இறங்கும் தொட்டியை உயர்த்திப் பார்த்தார். இதயம் சற்றுப் புடைத்தது. சில துடிப்புகளுக்குள் வந்ததை எல்லாம் வெளியே தள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. வெளியே போகும் குழாயில் தடையைக் கூட்டினாலும் அதே கதை. முதலில் கொஞ்சம் ரத்தம் உள்ளே தேங்கும். அந்தத் தேக்கமே தசையை நீட்டி, அடுத்தடுத்த துடிப்புகளில் பழைய அளவை மீட்டுக்கொடுக்கும். சகாக்கள் இருவரோடு அவர் இதை வெளியிட்டது 1914இல். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே ஸ்டார்லிங்தான். இவ்விருவருக்கும் முன்பே, 1860களில், லைப்சிக் நகரத்தில் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில் இது கண்ணில் பட்டிருந்தது. யார் முதலில் என்ற வழக்கை வரலாற்றாளர்களுக்கு விட்டுவிடலாம்.

நீட்டினால் பலம் கூடும் என்றதும் எல்லோருக்கும் ரப்பர் வளையம் நினைவுக்கு வருகிறது. இந்த உவமையோடு எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ரப்பர் நாம் இழுத்த உழைப்பைத்தான் திருப்பித் தருகிறது, அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு. இதயம் சுருங்கும்போது செலவாகும் ஆற்றல், நீட்டிய ரத்தம் கொடுத்தது அல்ல. தசைச் செல் தானே ஏ.டி.பி. என்ற எரிபொருளை எரித்துப் பெறுவது. நீட்சி செய்யும் வேலை வேறு. எரிக்கத் தயாராக நிற்கும் கைகளில் எத்தனை வேலைக்கு வரும் என்பதை அது தீர்மானிக்கிறது.

நீலகிரிக்காரர்களிடம் ரப்பரைவிட நல்ல உவமை இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறும் பாதையில், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ரயிலை மேலே தள்ளுகிறது. தசைக்குள்ளும் இப்படி ஒரு பல்பாதை உண்டு. ஆக்டின் என்ற மெல்லிய இழைதான் பல்பட்டை. மயோசின் என்ற தடித்த இழையிலிருந்து நூற்றுக்கணக்கான தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவைதான் பல்சக்கரம். கவ்வும், இழுக்கும், விடும், மறுபடி கவ்வும். இழைகள் குட்டையாவதில்லை. ஒன்றை ஒன்று உரசி நழுவுகின்றன, அவ்வளவுதான். 1954இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டு ஒரே இதழில் அடுத்தடுத்து எழுதின. இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார், இருவருக்கும் உறவில்லை.

இழைகள் சேர்ந்த மிகச் சிறிய அலகுக்கு சார்கோமியர் என்று பெயர். தடித்த இழையின் நீளம் சுமார் 1.6 மைக்ரான், மெல்லிய இழை சுமார் 1 மைக்ரான். (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.) சார்கோமியர் 2 முதல் 2.2 மைக்ரான் நீளத்தில் இருக்கும்போது எல்லாத் தலைகளுக்கும் எதிரே பல் இருக்கும், விசை உச்சம். மேலும் இழுத்தால் பல்பட்டை விலகிப்போகிறது, தலைகள் வெறும் காற்றைக் கவ்வுகின்றன. மிகவும் குறுக்கினால் இரு பக்கத்து மெல்லிய இழைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைஞ்சல் செய்கின்றன. தவளையின் கால்தசை இழைகளை ஒற்றை ஒற்றையாக எடுத்து 1966இல் இது அளக்கப்பட்டது. வரைபடம் மலைமுகடு போல இருக்கும்: ஒரு பக்கம் ஏற்றம், நடுவில் சமதளம், மறுபக்கம் இறக்கம்.

பெரும்பாலான பாடங்கள் இங்கேயே கதையை முடித்துக்கொள்கின்றன. இதயத்தசைக்கு இந்தக் கணக்கு பொருந்தவே இல்லை என்பதுதான் வேடிக்கை. தவளையின் கால்தசை 1.7 மைக்ரானுக்குக் குறுகினாலும் உச்ச விசையில் ஐந்தில் நான்கு பங்கைத் தருகிறது. இதயத்தசையோ 2.2இலிருந்து 1.8க்கு வந்தாலே விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கவ்வப் பல் இல்லாமல் இல்லை. பல் இருந்தும் ஏன் கவ்வவில்லை?

மலை ரயிலில் இல்லாத ஒன்று தசையில் இருக்கிறது: பற்களுக்கு மூடி. சுருங்கு என்று கட்டளையிடும் மின் அலை வந்ததும் செல்லுக்குள் கால்சியம் வெளிப்பட்டு, ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது, மூடி நகர்கிறது, பல் தெரிகிறது. கைகால் தசையில் நரம்பு கட்டளையிட்டால், எழுந்த இழையில் கால்சியம் தாராளம். இதயத்தில் சாதாரணத் துடிப்பு ஒன்றில் வெளிவரும் கால்சியம் எல்லா மூடிகளையும் திறக்கப் போதாது. ஓய்விலிருக்கும் இதயம் பாதி இயந்திரத்தை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் பெரிய தவறில்லை. இந்நிலையில் தசை நீண்டால், அதே அளவு கால்சியத்துக்கு அதிக மூடிகள் திறக்கின்றன. அதிகத் தலைகள் கவ்வுகின்றன. கால்சியம் கூடவில்லை, கால்சியத்துக்குச் செவிசாய்க்கும் குணம் கூடுகிறது. இதயத்தின் விதி நிற்பது பெரும்பாலும் இந்தக் கூர்மையின் மேல்தான், பற்களின் எண்ணிக்கை மேல் அல்ல.

நீளம் எப்படிச் செவியைக் கூராக்குகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. செல்லின் கன அளவு மாறாததால், பரோட்டா மாவை இழுத்தால் ஒல்லியாவதுபோல நீளும் செல்லும் ஒல்லியாகிறது, இழைகள் நெருங்குகின்றன, தலைக்கும் பல்லுக்கும் தூரம் குறைகிறது என்பது ஒரு கட்சி. நீட்டாமலே வேதிமுறையில் இழைகளை நெருக்கிப் பார்த்தபோது சில சோதனைகள் இதற்குச் சாட்சி சொல்லின, சில பிறழ்சாட்சியாகிவிட்டன. இன்னொரு கட்சி டைட்டினைக் காட்டுகிறது. நமக்குத் தெரிந்த புரதங்களிலேயே மிகப் பெரியது அது. சார்கோமியரின் ஓரத்திலிருந்து நடுவரை ஓடி, தடித்த இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுருள்கயிறு. தசை நீளும்போது இந்தக் கயிறு விறைக்கிறது. அந்த இழுவிசை, தடித்த இழையோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும் மயோசின் தலைகளை எழுப்பிவிடுகிறது என்பதற்கு எக்ஸ்-கதிர்ப் படங்கள் ஆதாரம் தருகின்றன. எனக்கு இரண்டாம் கட்சி மேல்தான் சாய்வு. ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்று உடல் யாருக்கும் சத்தியம் செய்துகொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, இந்த ஏற்பாடெல்லாம் எதற்காக? மலை ஏறும்போது இதயம் பலமாக அடிப்பதற்கு என்று நினைத்தால், அங்கேயும் ஒரு திருத்தம் வேண்டும். இந்த விதியின் முதல் வேலை கணக்குப் பார்ப்பது.

இதயம் ஒன்று என்கிறோம். உண்மையில் அடுத்தடுத்து வைத்த இரண்டு பம்புகள். வலது கீழறை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வருவதை இடது கீழறை உடலுக்கு அனுப்புகிறது. ஒவ்வொன்றும் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி தள்ளும். டீக்கடை கிளாஸில் முக்கால்வாசி. இப்போது வலது பக்கம் 70, இடது பக்கம் 69 என்று ஒரே ஒரு மில்லி வித்தியாசம் வந்தால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நுரையீரலில் நிமிடத்துக்கு 70 மில்லி தேங்கும். ஒரு மணி நேரத்தில் 4.2 லிட்டர். உடலில் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். ஒரு மில்லி பிசகினால், ஆள் மதியச் சாப்பாட்டுக்கு இருக்க மாட்டார்.

குந்தா நீர்மின் திட்டத்தில் இதே சிக்கல் உண்டு. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் நீர் முதல் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் கீழே குந்தா அணைக்கு வருகிறது; அங்கிருந்து கெத்தை மின்நிலையத்துக்குப் போகிறது. மேலே திறப்பதும் கீழே திறப்பதும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் உள்ள அணை நிரம்பும், அல்லது வற்றும். அங்கே அளவு பார்க்க, சொல்லி அனுப்ப ஆட்கள் இருக்கிறார்கள். இதயத்தின் வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் இடையே அப்படி யாரும் இல்லை. வலது கீழறை கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் சில துடிப்புகளில் அந்தக் கூடுதல் இடது கீழறைக்கு வந்து சேர்கிறது. அதன் தசை மயிரிழை நீள்கிறது. மயிரிழை கூடுதலாகத் தள்ளுகிறது. கணக்கு நேர். நாம் மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் வலது பக்கத்துக்குக் கொஞ்சம் அதிக ரத்தம் உறிஞ்சப்படுவதால் இந்தத் திருத்தம் ஓயாமல் நடக்கிறது, தூக்கத்திலும். நரம்புகளிடம் இந்த வேலையை விட்டிருந்தால் இவ்வளவு துல்லியம் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சிலருக்குத் திடீரென்று ஒரு துடிப்பு தவறியதுபோல இருந்து, அடுத்தது நெஞ்சில் குத்துவதுபோல விழும். பயந்துபோய் ஈ.சி.ஜி. எடுக்கப் போவார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் இதுதான்: ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது, அறை நிறைவதற்குள் வந்ததால் அது வெளியே தெரிவதில்லை. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அதற்குள் அறை நன்றாக நிறைந்து நீண்டுவிடுகிறது, கால்சியமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. அடுத்த அடி பலமாக விழுகிறது. அடிக்கடி வந்தாலோ மயக்கம் சேர்ந்து வந்தாலோ மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி சித்தப்பாவின் கேள்வி. ஏறும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சரிவில் கொழுந்து பறித்துவிட்டு மூட்டையோடு மேட்டுக்கு ஏறி வரும் பெண்களின் கெண்டைக்காலைப் பார்த்தால் அதுவும் ஒரு இதயம் என்று தோன்றும். இப்படித் திரும்பி வரும் ரத்தம் கீழறையை நீட்டுகிறது. கூடவே நரம்பும் அட்ரினலினும் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டி, கால்சியத்தையும் கூட்டி, அதே நீளத்திலேயே அதிக விசையை வாங்குகின்றன. ஆரோக்கியமான ஆளின் ஏற்றத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவதுக்குத்தான். முதலாவது மட்டும் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால், மாற்று இதயம் பொருத்தியவரைப் பார்க்க வேண்டும். நரம்பு வெட்டுப்பட்ட இதயம் அது. அவர் நடக்கத் தொடங்கியதும் துடிப்பு உடனே வேகமெடுப்பதில்லை. ஆனாலும் திரும்பி வரும் ரத்தம் அறையை நீட்ட, ஒவ்வொரு துடிப்பும் கனமாகிறது. ரத்தத்தில் அட்ரினலின் ஏறி வரும்வரை தாக்குப்பிடிப்பது பெரிதும் இந்த விதியால்தான்.

ஏறி முடித்ததும் சட்டென்று அசையாமல் நிற்பவர்களுக்குத் தலை சுற்றுவதும் இதன் மறுபக்கம். கெண்டைக்கால் பிழிவது நின்றுவிடுகிறது, ரத்தம் காலில் தங்கிவிடுகிறது, அறை நிறையவில்லை, தசை நீளவில்லை. மலையைப் பார்க்கும் பாவனையில் நான் காலை மாற்றி மாற்றி வைப்பது இதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றும் நடக்கிறது. மேட்டுப்பாளையத்தில் காலையில் டிபன் சாப்பிட்டவர் மதியத்துக்குள் 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் நிற்கிறார். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உயரமும் குளிரும் சேர்ந்து சிறுநீரைக் கூட்டுகின்றன, தாகமோ எடுப்பதில்லை. ஓரிரு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குறைகிறது. திரும்பி வருவது குறைவதால் அறை முன்போல நீள்வதில்லை, ஒரு துடிப்பின் அளவு குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மலைக்காற்று இதயத்தைப் பலவீனமாக்குகிறது என்று பயந்தவர்கள் உண்டு. 1985இல் தன்னார்வலர்களை ஓர் அழுத்த அறையில் வைத்து, நாற்பது நாளில் மெல்ல மெல்ல எவரெஸ்ட் உச்சியின் காற்றழுத்தம்வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இதய அறையின் கொள்ளளவு குறைந்திருந்தது. தசையின் சுருங்கும் திறன் குறையவில்லை. அங்கேயே அப்படி என்றால் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கு, நல்ல இதயம் உள்ளவர் கலங்க வேண்டியதில்லை. தண்ணீர் குடித்தால் போதும்.

நல்ல இதயம் இல்லாதவர்களின் கதை வேறு. எக்கோ ஸ்கேன் அறிக்கையில் 'ஈ.எஃப்.' என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். நிறைந்த நிலையில் 120 மில்லி இருந்து 70 வெளியேறினால் அது 58. இதயச் செயலிழப்பில் அறை பெருத்து 200 மில்லி நிறைந்திருக்கும், வெளியேறுவது 60, ஈ.எஃப். 30. "இதயம் பெரிதாகி நார் தளர்ந்துவிட்டது" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். தவளையின் முகட்டு வரைபடத்தை மனத்தில் வைத்து, நோயுற்ற இதயம் முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கிவிட்டது என்று மருத்துவ நூல்களே ஒரு காலத்தில் எழுதின. அது சரியில்லை. டைட்டினும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் சேர்ந்து சார்கோமியரை 2.3 அல்லது 2.4 மைக்ரானுக்கு மேல் எளிதில் போக விடுவதில்லை. இதயம் பெருப்பது சார்கோமியர்கள் நீள்வதால் அல்ல, வரிசையில் புதிய சார்கோமியர்கள் சேர்வதால். ரயில் நீளமாவது பெட்டி கூடுவதால்தானே, பெட்டியை இழுத்து நீட்டியா?

செயலிழந்த இதயத்தில் கெட்டுப்போவது வேறு: நீட்டினால் பதில் சொல்லும் குணம். நிரப்பம் கூடக்கூட வெளியேற்றம் எவ்வளவு கூடுகிறது என்று வரைந்தால், அந்த வரைபடத்தின் ஏற்றம் தட்டையாகிவிடுகிறது. உடலுக்கு இது தெரியாது. ரத்தம் போதவில்லை என்று எண்ணி, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து, இன்னும் நிரப்பு என்கிறது. நிரப்பியும் வெளியேற்றம் கூடுவதில்லை. அழுத்தம்தான் பின்னோக்கி நுரையீரலில் ஏறுகிறது. படுத்தால் காலில் இருந்த ரத்தமும் நெஞ்சுக்கு வந்துவிடுவதால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நீர் மாத்திரை ஏன் வேலை செய்கிறது என்பதும் இந்தத் தட்டை வரைபடத்திலேயே இருக்கிறது. நிரப்பத்தைக் குறைத்தாலும் வெளியேற்றம் அதிகம் குறையப்போவதில்லை, அழுத்தம் மட்டும் இறங்கும். அளவு மீறினால் அறை நிறையாமல் போய் மயக்கம் வரும் என்பதால்தான் அந்த மாத்திரையைத் தானாகக் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்கிறார்கள்.

படுக்கையில் துவண்டு கிடக்கும் ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றலாமா, ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்குமா என்பது வார்டில் தினமும் வரும் கேள்வி. அவருடைய இதயம் வரைபடத்தின் ஏற்றத்தில் நிற்கிறதா, தட்டையில் நிற்கிறதா என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும். அதற்கு ஒரு பழைய, செலவில்லாத வழி இருக்கிறது. தலைப்பக்கத்தைச் சமமாக்கி இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்தால் சுமார் 300 மில்லி ரத்தம் நெஞ்சுக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் தள்ளும் அளவு கூடினால், இன்னும் நீள இடமிருக்கிறது, ஏற்றலாம். கூடாவிட்டால் காலை இறக்கிவிட்டால் போதும். கொடுத்த ரத்தம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.